கடைசி வரை பிரிக்காத எண்

எங்கள் காலத்து ஏ.சி. சர்க்யூட் வகுப்பில் கால்குலேட்டரில் அதிகம் தேய்ந்த விசைகள் இரண்டு: போல், ரெக். மின்தடை 3 ஓம், சுருளின் ரியாக்டன்ஸ் 4 ஓம் என்று கணக்கு தொடங்கும். இரண்டையும் சேர்த்து 3+ஜே4 என்று எழுதுவோம். அதோடு இன்னொரு சுருளைத் தொடராக இணைத்தால் கூட்ட வேண்டும். கூட்டுவதற்குச் செவ்வக வடிவம் வேண்டும். மின்னழுத்தத்தை அதனால் வகுத்துக் கரன்ட் காண வேண்டும்; வகுப்பதற்குத் துருவ வடிவம்தான் வசதி. ஆகவே போல் விசையை அழுத்தி 5 ஓம், 53.13 டிகிரி என்று மாற்றுவோம். கிடைத்த கரன்டோடு அடுத்த கிளையின் கரன்டைக் கூட்டத் திரும்பவும் ரெக். ஒரே கணக்குக்குள் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். தெராஜாவின் மின்பொறியியல் புத்தகத்தில் ஏ.சி. அத்தியாயங்களைப் புரட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விடை சரியாக வந்தது, மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் என் நோட்டில் கலப்பெண் என்று ஒன்று இருக்கவே இல்லை. இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண், நடுவில் ஒரு ஜே, அவ்வளவுதான் இருந்தது.

அதே ஆண்டில் கம்ப்யூட்டர் லேபில் டர்போ சி++ படித்தோம். ஆபரேட்டர் ஓவர்லோடிங் என்றாலே பயிற்சி ஒன்றுதான். காம்ப்ளெக்ஸ் என்று ஒரு கிளாஸ், உள்ளே ரியல், இமேஜினரி என்று இரண்டு ஃப்ளோட், கூட்டல் குறிக்கு ஒரு ஃபங்ஷன். ரெக்கார்ட் நோட்டில் புரோகிராமை எழுதி, அவுட்புட்டை எதிர்ப்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். பயிற்சி கூட்டலோடு முடிந்துவிடும். பெருக்கலும் வகுத்தலும் யாரும் கேட்டதில்லை. காலையில் போட்ட சர்க்யூட் கணக்கும் மாலையில் எழுதிய கிளாஸும் ஒரே பொருளைப் பற்றியவை என்ற எண்ணம் எங்களில் யாருக்கும் எழவில்லை.

படிப்பை முடித்து, கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு தொழிற்சாலையின் டெஸ்டிங் பிரிவில் சேர்ந்தேன். சோதனை மேடையில் மோட்டாரை ஏற்றிச் சுமையில்லாமல் ஒருமுறை ஓட்டுவோம்; பிறகு ரோட்டாரைச் சுழலவிடாமல் பிடித்து, குறைந்த மின்னழுத்தம் கொடுத்து ஒருமுறை அளப்போம். வோல்ட், ஆம்ப்ஸ், வாட்ஸ் மூன்றையும் குறித்துக்கொண்டால் அந்த மோட்டாருக்குச் சமமான சர்க்யூட்டை வரைந்துவிடலாம். எஃபிஷியன்சி, பவர் ஃபேக்டர் எல்லாம் அதிலிருந்து வரும். இத்தனையும் எக்செல் தாளில் நடந்தது. ரியல் பகுதிக்கு ஒரு நெடுவரிசை, இமேஜினரி பகுதிக்கு அடுத்த நெடுவரிசை, வகுத்தல் வரும் இடத்தில் துணைக்கு இன்னும் சில. எக்செலில் கலப்பெண்ணுக்கென்று ஐஎம்சம், ஐஎம்டிவ் போன்ற ஃபங்ஷன்கள் உண்டு. ஆனால் அங்கே கலப்பெண் ஒரு எழுத்துச் சரமாகத்தான் செல்லில் கிடக்கும். அதைச் சாதாரணக் கூட்டல் குறியால் கூட்ட முடியாது.

டேட்டா லாகர் கொட்டும் ஃபைல்களைப் பிரித்து அடுக்குவதற்காகத்தான் எங்கள் பிரிவுக்குப் பைத்தான் வந்தது. ஒரு மாலை, வேலை முடிந்த பிறகு, ஐடில் திரையின் மூன்று அம்புக்குறிகளுக்கு எதிரே 230/(3+4ஜே) என்று அடித்துப் பார்த்தேன். ஜே என்பது ஆங்கிலச் சிறிய எழுத்து. எண்ணோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி வர வேண்டும். வெறும் ஜே என்றால் அது ஒரு மாறியின் பெயர், 1ஜே என்றால்தான் எண். என்டர் தட்டியதும் அடுத்த வரியில் (27.6-36.8ஜே) என்று வந்தது. எந்த லைப்ரரியையும் இம்போர்ட் செய்யவில்லை, எந்த வடிவத்துக்கும் மாற்றவில்லை. அதை ஏபிஎஸ் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டால் 46. நாங்கள் அரைப்பக்கம் எழுதி அடிக்கோடிடும் 46 ஆம்ப்ஸ் அதுதான்.

எனக்கு வேகம் பெரிதாகத் தெரியவில்லை. 3+4ஜே ஒரு எண்ணாக நடத்தப்பட்டதுதான் பெரிதாகத் தெரிந்தது. 7 எப்படியோ, 2.5 எப்படியோ, அப்படியே இதுவும். ஒரு பெயரில் வைக்கலாம், பட்டியலில் போடலாம், வகுக்கலாம், அடுக்குக்கு உயர்த்தலாம். குவிடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட மொழிக்குள் கலப்பெண் 1996இல், 1.4 பதிப்பில் வந்தது. அந்த நிரலை எழுதிக் கொடுத்தவர் ஜிம் ஹூகனின். இன்றைய நம்பை லைப்ரரிக்கு முன்னோடியான நியூமெரிக்கைத் தொடங்கியவரும் அவரே. கணக்கு வேலைக்கு மொழியைப் பயன்படுத்துகிறவர்கள் கேட்டு வாங்கிய வசதி என்பது அதைத் தொட்டவுடன் தெரியும்.

பிறகு சில நாட்கள் அந்தத் திரையில் விளையாடுவதே வேலையாக இருந்தது. 4ஐ 1ஜே-யால் பெருக்கினால் 4ஜே. மறுபடி பெருக்கினால் -4. இன்னும் இரண்டு முறை பெருக்கினால் பழைய 4. ஒவ்வொரு பெருக்கலும் எண்ணைத் தளத்தில் 90 டிகிரி திருப்புகிறது. ஜே ஆபரேட்டர் 90 டிகிரி திருப்பும் என்று வகுப்பில் எழுதித்தான் வைத்திருந்தோம். ஆனால் சுருளின் ரியாக்டன்ஸை 4ஜே என்று ஏன் எழுதுகிறோம் என்பது அன்றுதான் உறைத்தது. சுருளில் மின்னழுத்தம் கரன்டுக்குக் கால் சுற்று முந்தி வருகிறது. கரன்டை 4 மடங்கு பெரிதாக்கு, கால் சுற்றுத் திருப்பு: இந்த இரண்டு கட்டளைகளும் 4ஜே என்ற ஒரே எண்ணுக்குள் இருக்கின்றன. மின்தடை வெறுமனே பெரிதாக்குகிறது, திருப்புவதில்லை. 3+4ஜே என்பது 5 மடங்கு பெரிதாக்கி 53.13 டிகிரி திருப்பும் ஒரே செயல்.

மின்பொறியாளர்களுக்கு இந்த வழியைக் காட்டியவர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ். பிரெஸ்லாவில் பிறந்து 1889இல் அமெரிக்காவுக்குப் போனவர். 1893இல் சிகாகோவில் கூடிய உலக மின்னியல் மாநாட்டில், ஏ.சி. கணக்குகளைக் கலப்பெண்களால் போடும் முறையைக் கட்டுரையாக வைத்தார். அதற்கு முன் சைன் அலைகளையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் வைத்துப் பக்கம் பக்கமாகப் போட வேண்டியிருந்த கணக்கு, டி.சி. சர்க்யூட்டின் ஓம் விதியைப் போலவே கூட்டல், பெருக்கல், வகுத்தலாகச் சுருங்கியது. நான் திரையில் அடித்த ஒற்றை வகுத்தல் அவருடைய முறைதான். இடையில் வந்த கால்குலேட்டர் விசைகளும் நெடுவரிசைகளும் அந்த எண்ணை நமக்காகத் துண்டாக்கிக் கொடுத்திருந்தன. ஸ்கிரிப்ட் அதைத் திரும்ப ஒன்றாக்கியது.

அது தொழிற்சாலைத் தரையில் என்ன உதவி செய்யும் என்பதை வைண்டிங் பிரிவின் வார்னிஷ் ஓவனில் பார்த்தேன். காயில் சுற்றி வார்னிஷில் நனைத்த ஸ்டேட்டர்களை உலர்த்தும் ஓவன் அது. ஹீட்டர் ராடுகளை மூன்று ஃபேஸுக்கும் சமமாகப் பிரித்து நியூட்ரலில் சேர்த்திருப்பார்கள். எல்லாம் நன்றாக இருந்தால் நியூட்ரலில் கரன்டே ஓடாது. ராடுகள் ஒவ்வொன்றாகக் கருகிப்போய், ஒரு ஃபேஸில் 40 ஆம்ப்ஸ், அடுத்ததில் 25, மூன்றாவதில் 10 என்று ஆகியிருந்தது. நியூட்ரல் ஒயர் சூடாகிறதென்று பராமரிப்புப் பிரிவின் மூத்த எலக்ட்ரீஷியன் என்னை அழைத்தார். லேப்டாப்பில் 120 டிகிரி திருப்பும் எண்ணை ஏ என்று வைத்துக்கொண்டு, 40+25*ஏ*ஏ+10*ஏ என்று அடித்தேன். அதன் அளவு 25.98.

"நியூட்ரல்ல 26 ஆம்ப்ஸ் இருக்கணும்ணா," என்றேன்.

அவர் டாங் டெஸ்டரை நியூட்ரல் ஒயரில் மாட்டி முள் நிற்கும் வரை பார்த்தார். "ஆமாங்க தம்பி, 26தான் காட்டுது. மூணையும் கூட்டுனா 75 ஆகோணுமே, பாதிகூட வரலீங்களே?"

தரையில் சாக்பீஸால் மூன்று கோடுகள் வரைந்தேன். 40 நீளத்துக்கு ஒன்று, அதன் முனையிலிருந்து 120 டிகிரி திரும்பி 25 நீளத்துக்கு ஒன்று, அங்கிருந்து இன்னும் 120 டிகிரி திரும்பி 10 நீளத்துக்கு ஒன்று. தொடங்கிய புள்ளிக்கும் முடிந்த புள்ளிக்கும் நடுவே எவ்வளவு என்று அவரே அடிக்கோலால் அளந்தார். மூன்று ஃபேஸ்களும் சமமாக இருந்தால் கோடுகள் முக்கோணமாகி மூடிக்கொள்ளும், நியூட்ரலுக்கு மிச்சமே இருக்காது என்பதை நான் சொல்வதற்குள் அவர் சொல்லிவிட்டார். பத்தாம் வகுப்போடு வேலைக்கு வந்தவர். கலப்பெண் கூட்டலைத் தரையில் சாக்பீஸால் செய்து முடித்துவிட்டு, எந்த ராடு போயிருக்கிறதென்று பார்க்க ஓவனைத் திறந்தார்.

பின்னாளில் எனர்ஜி ஆடிட் வேலைக்கு மாறியபோது ஸ்பின்னிங் மில்களின் மின்கட்டண ரசீதுகளோடு புழங்க வேண்டியிருந்தது. ஹெச்.டி. இணைப்புக்கு யூனிட்டுக்குத் தனிக் கட்டணம், மேக்ஸிமம் டிமாண்டுக்கு கேவிஏ கணக்கில் தனிக் கட்டணம். ஒரு மில்லின் சுமை 100 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.8 என்று வைத்துக்கொள்வோம். அது 100+75ஜே என்ற ஒரே எண். யூனிட் கட்டணம் அதன் மெய்ப்பகுதிக்கு, டிமாண்ட் கட்டணம் அதன் மட்டுக்கு, அதாவது 125 கேவிஏவுக்கு. கெப்பாசிட்டர் பேங்க் என்பது -42ஜே என்ற இன்னொரு எண். இரண்டையும் கூட்டினால் 100+33ஜே. மட்டு 105, பவர் ஃபேக்டர் 0.95. 415 வோல்ட்டில் 174 ஆம்ப்ஸ் எடுத்த கேபிள் 146 எடுத்தால் போதும். "கெப்பாசிட்டர் போட்டா யூனிட்டு கொறையுங்களா?" என்று மில் மேனேஜர்கள் எல்லோரும் கேட்பார்கள். முன்பு நீண்ட விளக்கம் சொல்வேன். பிறகு அந்த எண்ணையே காட்டத் தொடங்கினேன். 100 அப்படியே இருக்கிறது பாருங்கள், அதனால் யூனிட் குறைவது கேபிள் நஷ்டத்தில் மிச்சமாகும் சொற்பம்தான், குறைவது டிமாண்ட்.

விடுமுறை நாளில் அதே மில்லில் கொஞ்சம் மோட்டார்களே ஓடும். சுமை 20+15ஜே, மட்டு 25. கெப்பாசிட்டரை அணைக்காமல் விட்டால் 20-27ஜே, மட்டு 33.6. வேலை நாளில் காப்பாற்றிய அதே பெட்டி விடுமுறையில் சுமையைக் கூட்டுகிறது. தேவைக்கேற்பக் கெப்பாசிட்டரைச் சேர்த்து விலக்கும் ஏ.பி.எஃப்.சி. பேனல் எதற்கு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விடை எனக்குக் கிடைத்ததில்லை. வேறு வேறு பிரச்சினைகளாகத் தெரிந்த கட்டணம், கேபிள் சூடு, விடுமுறை நாள் எல்லாம் ஒரே எண்ணின் கூட்டல் கழித்தலாகிவிட்டன.

ஆடிட் வேலையோடு ஒரு கல்லூரியில் வாரம் ஒரு வகுப்பும் எடுத்துவந்தேன். மின்னழுத்தத்தையும் கரன்டையும் பெருக்கினால் திறன் என்பது டி.சி. பழக்கம். ஏ.சி.யில் கரன்டின் இணைக் கலப்பெண்ணைப் பெருக்க வேண்டும். ஒரு மாணவி இணையெண் எடுக்காமல் மூன்று ஃபேஸ் சுமைக்கு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். முதல் ஃபேஸில் 6348 வாட், இரண்டாவதில் 4156, மூன்றாவதில் மைனஸ் 10504. மூன்றையும் கூட்டினால் பூஜ்யம். ஓடுகிற மோட்டார் எதுவுமே எடுக்கவில்லை என்கிறது திரை. நான் திருத்திக் கொடுக்கவில்லை. மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதி, வகுப்பு முழுவதையும் காரணம் தேடச் சொன்னேன்.

அவர்களே கண்டுபிடித்தார்கள். கலப்பெண்களைப் பெருக்கும்போது கோணங்கள் கூடுகின்றன. திறனுக்கு வேண்டியதோ மின்னழுத்தத்துக்கும் கரன்டுக்கும் இடைப்பட்ட கோணம், அதாவது கழித்தல். கரன்டைக் கிடையச்சில் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டினால் அதன் கோணத்தின் குறி மாறிவிடும். பிறகு கூட்டல் கழித்தலாகிவிடும். முதல் ஃபேஸின் மின்னழுத்தக் கோணம் பூஜ்யம் என்பதால் அங்கே வாட் சரியாக வந்துவிட்டது. மற்ற இரண்டு ஃபேஸ்களில் 120 டிகிரித் திருப்பம் இருமடங்காகி, மூன்று ஃபேஸ்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. கான்ஜுகேட் என்ற ஒரே சொல்லைச் சேர்த்ததும் மூன்றிலும் 6348, மொத்தம் 19044. அந்த மாணவி கேட்ட அடுத்த கேள்வி எனக்கு இன்றும் பிடித்தமானது: "அப்போ சிங்கிள் ஃபேஸ்ல மட்டும் டெஸ்ட் பண்ணியிருந்தா எல்லாம் சரின்னு நினைச்சிருப்போம் இல்லைங்களா சார்?" ஆமாம். ரியாக்டிவ் பவரின் குறி மட்டும் மாறியிருக்கும். அதைப் பலர் கவனிக்கவே மாட்டார்கள்.

பைத்தான் கணக்கு போட்டுத் தந்த இடங்களைப் போலவே, மறுத்த இடங்களும் எனக்குக் கற்றுக்கொடுத்தன. மேத் என்ற மாட்யூலிடம் -1இன் வர்க்கமூலம் கேட்டால் பிழை சொல்லி நின்றுவிடும். சிமேத் என்ற மாட்யூலிடம் கேட்டால் 1ஜே என்று தரும். கலப்பெண் தெரிந்த மொழிக்கு இரண்டு மாட்யூல் எதற்கு? களத்தில் இதற்கு விடை இருக்கிறது. மீட்டர் பதிவிலிருந்து கேவிஏவின் வர்க்கத்தில் கிலோவாட்டின் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் ரியாக்டிவ் பவரான கேவார் வரும். இரண்டு அளவுகளும் வேறு வேறு கணத்தில் பதிவாகும்போது, பவர் ஃபேக்டர் ஒன்றை ஒட்டியிருக்கும் சுமையில் 48.2 கிலோவாட், 48.1 கேவிஏ என்று வருவதுண்டு. இயற்கையில் அப்படி இருக்க முடியாது. மேத் அங்கே நின்றுவிடுகிறது. நிற்பதுதான் சரி, டேட்டாவில் கோளாறு என்பதைச் சொல்கிறது. சிமேத் 3.1ஜே என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு மேலே போயிருக்கும்.

ஒரு மில்லிலிருந்து வந்த பழைய ஸ்கிரிப்டில் இது வேறு விதமாக வெளிப்பட்டது. மூலம் எடுப்பதற்கு **0.5 என்று எழுதியிருந்தார்கள். பைத்தான் 2இல் எதிர்ம எண்ணுக்கு அப்படிச் செய்தால் பிழை வரும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3இலோ அதே வரி கலப்பெண்ணைத் தரும். பதிப்பை மாற்றிய பிறகு ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் ஓடி, மாதத்தின் கூட்டுத்தொகையையே கலப்பெண்ணாக்கிவிட்டு, 'வரம்பைவிட அதிகமா' என்று ஒப்பிடும் வரியில்தான் விழுந்தது. கலப்பெண்களுக்குள் பெரியது சிறியது என்ற ஒப்பீட்டைப் பைத்தான் செய்யாது.

செய்ய முடியாது என்பதே உண்மை. ஜே பூஜ்யத்தைவிடப் பெரியது என்று வைத்து இருபுறமும் ஜே-யால் பெருக்கினால், -1 பூஜ்யத்தைவிடப் பெரியது என்றாகும். சிறியது என்று வைத்தால், எதிர்ம எண்ணால் பெருக்கும்போது குறி திரும்பி அதே இடத்தில் வந்து நிற்கும். கூட்டலோடும் பெருக்கலோடும் ஒத்துப்போகும் எந்த வரிசையிலும் கலப்பெண்களை நிறுத்த முடியாது. எதை வைத்து ஒப்பிடுகிறோம், மட்டையா, மெய்ப்பகுதியையா என்பதை எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும். டிமாண்டா யூனிட்டா என்று சொல்லாமல் எந்த மில் பெரியது என்று கேட்க முடியாதல்லவா? அந்தப் பிழைச் செய்தியில் ஒரு தேற்றமே இருக்கிறது.

கோணங்கள் இன்னொரு பாடம் சொல்லித் தந்தன. பேனலில் கரன்டை அளக்கும் சி.டி.யின் போலாரிட்டி மாறிப் போயிருந்தால் கரன்டின் கோணம் 180 டிகிரியை ஒட்டி வரும். அளவீட்டின் சிறு நடுக்கத்தில் ஒரு வாசிப்பு 179, அடுத்தது -179. இரண்டின் சராசரி பூஜ்யம். நேர் எதிர்த் திசையில் இருக்கும் கரன்டை, சரியான திசையில் இருப்பதாகக் காட்டிவிடும் சராசரி அது. கோணங்களைப் பிரித்தெடுக்காமல் கலப்பெண்களாகவே சராசரி எடுத்து, கடைசியில் ஒருமுறை மட்டும் கோணம் கேட்டால் 180 என்று சரியாக வரும். அந்த எல்லைக்கோட்டில் எதிர்மப் பூஜ்யம்கூடக் கணக்கில் உண்டு. மெய்ப்பகுதி -1, கற்பனைப் பகுதி 0.0 என்றால் கோணம் பை. கற்பனைப் பகுதி -0.0 என்றால் கோணம் மைனஸ் பை. மிதவைப் புள்ளி எண்களுக்கான ஐ.ஈ.ஈ.ஈ. 754 தரத்தை வடிவமைத்த வில்லியம் கஹான் 1987இல் இதைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சிமேத் மாட்யூலின் ஆவணம் அவரைத்தான் சுட்டுகிறது. கோட்டின் எந்தக் கரையிலிருந்து வந்தோம் என்ற செய்தியை அந்தச் சின்னக் குறி சுமக்கிறது என்று தெரிந்தபோது, ஒரு மொழியைச் செய்கிறவர்கள் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் என்று மனம் நிறைந்தது.

நம்பை கைக்கு வந்த பிறகு கலப்பெண்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக வந்தன. நாலு போல் மோட்டார் ஒன்று 1440 ஆர்.பி.எம்.மில் ஓடியது. கரன்ட் ஏறி இறங்குகிறது, மீட்டரின் முள் மெல்ல ஆடுகிறது என்று அழைத்திருந்தார்கள். பத்து விநாடி கரன்ட் அலையைப் பதிவுசெய்து எஃப்.எஃப்.டி. போட்டேன். கூலியும் டூக்கியும் 1965இல் பிரபலமாக்கிய வழிமுறை அது. அலையை எதிர்த் திசையில் சுற்றும் ஒரு கலப்பெண்ணால் பெருக்கிக் கூட்டினால், அதே வேகத்தில் சுற்றும் கூறு மட்டும் அசையாமல் நின்று சேர்ந்துகொண்டே போகும். மற்றவை சுற்றிச் சுற்றித் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். வேகத்தை மாற்றி மாற்றிக் கேட்டால் அலைக்குள் எவையெல்லாம் இருக்கின்றன என்று தெரிந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் சிகரத்தின் இருபுறமும் 46இலும் 54இலும் இரண்டு சிறிய சிகரங்கள் எழுந்து நின்றன. 1500க்கு 1440 என்றால் ஸ்லிப் 4 சதவீதம். அதன் இருமடங்கை 50 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்டால் 4 ஹெர்ட்ஸ். ரோட்டார் பார் உடைந்திருப்பதன் அடையாளம் அந்த இரண்டு சிகரங்கள். மோட்டாரைக் கழற்றி ரோட்டாரை வெளியே எடுத்தபோது, எண்ட் ரிங்கோடு பார் சேரும் இடத்தில் விரிசல் தெரிந்தது.

இவ்வளவுக்கும் வேரைத் தேடிப் படித்தபோது பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தேன். 1545இல் கார்டானோ, 10ஐ இரண்டாகப் பிரித்து அவற்றின் பெருக்கல் 40 வரும்படி செய்யக் கேட்டு, 5உடன் -15இன் மூலத்தைக் கூட்டியும் கழித்தும் எழுதினார். விடை பொருந்தியது, ஆனால் அதற்குப் பயன் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. 1572இல் ரஃபேல் பாம்பெல்லி இன்னொரு படி போனார். ஒரு எண்ணின் கனம், அதே எண்ணின் 15 மடங்கோடு 4ஐச் சேர்த்ததற்குச் சமம். அந்த எண் எது? 4 என்று போட்டுப் பார்த்தாலே தெரியும், 64க்கு 64. ஆனால் சூத்திரத்தின்படி போனால் 2+11ஜே, 2-11ஜே என்ற இரண்டின் கனமூலங்கள் வந்து வழியை மறிக்கின்றன. பாம்பெல்லி அஞ்சவில்லை. அவற்றை எண்களாகவே நடத்தி, கூட்டல் பெருக்கல் விதிகளை வகுத்து, கனமூலங்கள் 2+ஜே, 2-ஜே என்று காட்டினார். கூட்டினால் கற்பனைப் பகுதிகள் அழிந்து 4 மட்டும் நிற்கிறது. திரையில் (2+1ஜே)**3 என்று அடித்தேன். (2+11ஜே) என்று வந்தது. 400 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தைரியம் அது.

பாம்பெல்லி செய்ததும், சி.டி. கோணங்களுக்குச் செய்ய வேண்டியிருந்ததும், எஃப்.எஃப்.டி. செய்வதும் ஒன்றுதான். கேள்வியும் மெய்யெண்ணில் இருக்கிறது, விடையும் மெய்யெண்ணில் இருக்கிறது. நடுவழியில் எண்ணைப் பிரித்துவிட்டால் விடைக்கு வழி தொலைந்துபோகும். மட்டு வேண்டுமா, கோணம் வேண்டுமா, மெய்ப்பகுதி வேண்டுமா என்பதைக் கடைசி வரியில் கேட்டுக்கொள்ளலாம்; அதுவரை எண் முழுதாக இருக்கட்டும். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். அவர்கள் எழுதும் ஸ்கிரிப்டில் ரியல், இமேஜினரி என்று இரண்டு மாறிகள் தனித்தனியே ஓடுவதைப் பார்த்தால் உடனே நிறுத்தி ஒன்றாக்கச் சொல்வேன்.

இன்று தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் இரண்டாவது அத்தியாயம் கலப்பு எண்கள். 2019இல் வந்த பாடத்திட்டத்தின் கணினி அறிவியல் புத்தகம் பைத்தானைக் கற்பிக்கிறது. தரவு வகைகளின் பட்டியலில் கலப்பெண்ணையும் சொல்கிறது. இரண்டு புத்தகங்களும் ஒரே மாணவரின் பையில் இருக்கின்றன. கணித ஆசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து ஒரே ஒரு பீரியட் எடுத்தால் போதும். 1ஜே-யின் அடுக்குகளை வரிசையாக அடித்துத் தளத்தில் புள்ளி வைக்கலாம். டி மாய்வர் தேற்றத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் ஓர் எண்ணை மூன்று முறை பெருக்கிக் கோணம் மும்மடங்காவதைப் பார்க்கலாம். 1இன் மூன்று கனமூலங்களைக் கூட்டினால் பூஜ்யத்தை ஒட்டிய ஒரு துளி மிஞ்சுவதைப் பார்த்து, கணினி எண்களின் துல்லியம் எதுவரை என்று பேசலாம். 3+4ஜே, 5 இரண்டில் எது பெரியது என்று கேட்டு, வருகிற பிழைக்குக் காரணம் தேடச் சொல்லலாம். தேர்வுக்கு இவற்றில் எதுவும் கூடுதல் சுமை ஆகாது. அந்தப் பீரியடிலிருந்து வெளியே வரும் பிள்ளைக்கு, நாளை மின்பொறியியலுக்குப் போனாலும் வேறெதற்குப் போனாலும், கலப்பெண் கையால் தொட்டுப் பழகிய ஒன்றாக இருக்கும். எனக்கு அது வேலைக்குப் போன பிறகுதான் வாய்த்தது. அவர்களுக்குப் பதினேழு வயதிலேயே வாய்க்கும்.